கடைசி வரிசையில் பேசுவோம்

மார்ச் 4, செவ்வாய்

காது எரிகிறது. காலையிலிருந்து மாலை வரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வணக்கம், எந்தப் பிரிவு வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மருத்துவமனைக்கு வரும் அழைப்பெல்லாம் என் காது வழியாகத்தான் உள்ளே போகிறது. குழந்தை பிறந்த சேதியும் சரி, சாப்பாட்டில் உப்பில்லை என்ற புகாரும் சரி.

பிரெயில் சட்டத்தில் தாளை மாட்டி ஊசியால் குத்திக் குத்தி இதை எழுதுகிறேன். இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. இந்த வீட்டில் என் எழுத்தைப் படிக்க ஒருவருக்கும் தெரியாது. தம்பியைத் திட்டி எழுதலாம், தம்பி மனைவியைத் திட்டி எழுதலாம், இருவருக்கும் எதிரே உட்கார்ந்துகொண்டே எழுதலாம். "அக்கா ஏதோ குத்திக்கிட்டிருக்காங்க" என்று விட்டுவிடுவார்கள்.

இன்று தம்பியைத் திட்ட வேண்டியிருக்கிறது. இத்தனை வருடங்களாக என்னை சினிமாவுக்கு அழைத்துப்போய், பக்கத்தில் உட்கார்ந்து காதில் கதை சொன்னவள் எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்த தோழி. அவள் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "டிவியில படம் போடறேன், நான் சொல்றேன் வாக்கா" என்றான் தம்பி. உட்கார்ந்தோம். கண்ணாடி உடைகிறது, எவளோ அலறுகிறாள், குதிரை ஓடுகிறது. "என்னடா நடக்குது?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. சண்டை."

அவ்வளவுதான். குதிரை எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியாது.

சனிக்கிழமை எனக்கு வார விடுமுறை. தனியாகப் போகப் போகிறேன். யார் என்ன சொன்னாலும் சரி.

மார்ச் 8, சனி

போனேன்!

டிக்கெட் கொடுக்கும் பெண் கேட்டாள்: "கூட யாரு வந்திருக்காங்க?"

"நான் வந்திருக்கேன்" என்றேன்.

உள்ளே நுழைந்ததும் ஓர் ஆள் குறுக்கே வந்து, "டார்ச் அடிக்கிறேன், பாத்து வாங்க" என்றார். முரட்டுக் குரல். படம் நடக்கும்போது யாராவது பேசினால் அதட்டுவாரே, அதே குரல். முன்பு தோழியும் நானும் எத்தனையோ முறை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

"டார்ச் யாருக்கு அடிக்கிறீங்க?" என்றேன்.

'டிக்'கென்று டார்ச் அணைந்தது. பிறகு, "பழக்கம், மேடம்" என்றார். கடைசி வரிசையில் ஓரத்து இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

படம் தொடங்கியது. கொலைப் படம். கொலைகாரன் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறான். வெறும் காலடிச் சத்தம், கதவுச் சத்தம். பக்கத்தில் இருந்தவரிடம், "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவர் இடம் மாறிப் போய்விட்டார். முன்னால் இருந்த பெண்ணைக் கேட்டேன். "உஷ்" என்றாள். உடனே டார்ச்காரர் வந்து நின்றார்.

"பேசக்கூடாது, மேடம்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"பேச்சை நிறுத்தறதுதான் என் வேலை."

"அதையே செய்யுங்க. நீங்க சொன்னா நான் பேசவே மாட்டேன்."

அவர் என் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "மூணாவது வரிசையில ஒருத்தன் முன்சீட்டு மேல காலைத் தூக்கிப் போட்டிருக்கான்."

நான் பதறிப்போனேன். "கொலைகாரனா?"

"இல்ல, படம் பாக்க வந்தவன்."

"நான் படத்தைக் கேட்டேன்!"

"ஓ" என்றார்.

மனிதர் இத்தனை வருடங்களாகத் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். ஒரு படத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லையாம். அவருக்குத் திரை எந்தப் பக்கம் என்று நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

கொலைகாரன் மாமனார்தான். டார்ச்காரர் சொல்லித்தான் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் மூணாவது வரிசைக்காரன் காலை இறக்கிவிட்டான் என்பதையும் சொன்னார்.

மார்ச் 11, செவ்வாய்

தம்பிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "தியேட்டர்ல டார்ச் அடிக்கிற ஆள் உன் காதுகிட்ட குனிஞ்சு பேசறாராமே. இருட்டுல. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க, சொல்லு."

"எனக்கு எப்பவும் இருட்டுதான். நான் யாரோட எங்க பேசினாலும் இருட்டுலதான் பேசறேன்" என்றேன்.

எழுந்து போய்விட்டான். ஆனால் விடமாட்டான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். இப்போது அவன் என்னை வளர்க்கிறானாம்!

மார்ச் 15, சனி

இன்று பார்த்த படத்தைத்தான் எல்லாரும் தலையில் வைத்து ஆடுகிறார்கள். கண் தெரியாத கிழவர் ஒருவர் வயலின் பழுதுபார்க்கிறார். அவர் வீட்டில் திருட வந்தவன் மாட்டிக்கொண்டு, பிறகு அவருக்கே துணையாகி விடுகிறான். மனசை நிமிர்த்தும் நட்புக் காவியம் என்று வானொலியில் ஓயாமல் விளம்பரம்.

எனக்கு பயம்தான். சினிமாவில் வரும் கண் தெரியாதவர்களை எனக்குத் தெரியும். ஒன்று பாடுவார்கள், இல்லையென்றால் எதிரே நிற்பவர் முகத்தைத் தடவுவார்கள். நான் என் வாழ்நாளில் யார் முகத்தையும் தடவியதில்லை. யாராவது தடவ விடுவார்களா, என்ன?

டார்ச்காரர் எவ்வளவோ தேறிவிட்டார்.

"கறுப்புக் கண்ணாடி போட்டிருக்காரா?"

"போட்டிருக்கார். வீட்டுக்குள்ளயும்."

"தூங்கும்போது?"

"இருங்க... தூங்கும்போதும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரே தன்னை "உஷ்" என்று அதட்டிக்கொண்டார். முகம் தடவும் காட்சி வந்தது. "தடவறார், மேடம்" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

கடைசிக் காட்சியில் ஒரு வார்த்தை இல்லை. வசனம் இல்லை, இசைகூட இல்லை. சுற்றிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். முன் வரிசையில் ஒரு பெண்மணி விம்மி விம்மி அழுகிறாள். அன்று எனக்கு "உஷ்" சொன்ன அதே குரல். அவளுக்குக் கைக்குட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன். "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்றேன்.

டார்ச்காரர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டு பேரும் ஒரு பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவுதான்! கண் வரவில்லை, கடவுள் வரவில்லை, கார் விபத்து வரவில்லை. குருடரைக் குருடராகவே விட்டு, பக்கத்தில் ஒரு நண்பனை உட்கார வைத்து முடித்திருக்கிறார்கள். பேருந்தில் வரும்போது எனக்கே கண் கலங்கியது. இப்படி ஒரு படம் எடுக்கவும் ஒருத்தன் இருக்கிறானே!

மார்ச் 17, திங்கள்

வேலைக்கு வந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மருந்துக்கடைப் பெண், கணக்குப் பிரிவு, எலும்பு முறிவு மருத்துவர் — யாரையும் விடவில்லை. "முடிவைப் பாருங்க. அந்த முடிவுக்கே பாக்கலாம்" என்றேன். மருத்துவர் மட்டும் "ம்ம்" என்று ஒரு மாதிரி இழுத்தார். அந்த இழுப்பை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

மார்ச் 19, புதன்

தம்பி மனைவி படத்துக்குப் போய்விட்டு வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, அந்தக் கடைசி சீன் இருக்கே! அவர் கண்ணுக்கட்டை அவிழ்ப்பாங்களே, பார்வை வந்துடுமே... நான் அழுத அழுகை!"

"யாருக்குப் பார்வை வருது?"

"அந்தத் தாத்தாவுக்குத்தான். திருடன்தானே ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்றான், பேச்சே இல்லாம காட்டுவாங்களே. நீங்க பாத்தீங்களே அக்கா?"

பாத்தேன். நல்லா பாத்தேன். எலும்பு மருத்துவர் "ம்ம்" என்று இழுத்தது இதுக்குத்தான். ஆஸ்பத்திரி முழுக்க என்னைப் பார்த்து "ஐயோ பாவம்"னு நினைச்சிருக்கும். பெஞ்சாம்! பெஞ்சுல உக்காந்தாங்களாம்! யாரைக் கேட்டுப் பெஞ்சு போட்டான் அந்த ஆளு? என்கிட்ட மறைக்கிறதுக்கு இவன் யாரு?

மார்ச் 20, வியாழன்

தூக்கம் இல்லை. கோபம் ஏன் இத்தனை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஒரு சினிமா முடிவுதானே?

இல்லை. இருபத்தாறு வயதில் என் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், கண் மருத்துவருக்கு நன்றாகவே தெரியும். எல்லாரும் சேர்ந்து, "சரியாயிடும், மருந்து ஏறிக்கிட்டிருக்கு" என்றே சொன்னார்கள். என் முகம் வாடக்கூடாதாம். நானும் சரியாகிவிடும் என்று நம்பி, அந்தக் கடைசி மாதங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஓய்வெடுத்தே கழித்தேன். கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் நல்லது என்றார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம்கூட மூடியிருக்க மாட்டேன். அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன். தம்பிக்கு மீசை முளைக்கிற வயசு, அதைப் பார்த்திருப்பேன். மழையை, பேருந்துப் பலகைகளை, கண்ட குப்பையையெல்லாம் பார்த்து வைத்திருப்பேன்.

அன்பு என்ற பெயரில் என்னிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டார்கள். பூசி மெழுகுகிறவர்களை அன்றிலிருந்து எனக்கு ஆகாது.

டார்ச்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்று நினைத்தேன். அதுதான் எரிகிறது.

மார்ச் 22, சனி

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். 

தியேட்டர் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். "பெஞ்சு எங்க இருக்கு? காட்டுங்க, நானும் கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றேன்.

மறுக்கவில்லை. "உங்க மூஞ்சியைப் பாத்தேன், மேடம். அதுவரைக்கும் சந்தோஷமா இருந்தீங்க. அந்தக் கட்டை அவிழ்க்க ஆரம்பிச்சதும் சொல்ல வாய் வரல."

"என் மூஞ்சியை யாரு பாக்கச் சொன்னா? திரையைப் பாக்கச் சொன்னா ஆளைப் பாக்கறீங்க!"

"வேற எதைப் பாத்துப் பழக்கம் எனக்கு?"

அது நியாயம்தான். ஆனாலும் விடவில்லை. எனக்குப் பார்வை போன கதையை, யாரிடமும் சொல்லாததை, அந்த வாசலில் நின்றுகொண்டு சொன்னேன். படபடவென்று வந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "படம் இன்னும் ஓடுது. வாங்க, மறுபடி சொல்றேன். இந்தத் தடவை உள்ளது உள்ளபடி" என்றார்.

"நல்லா இருந்தாலும் சரி, நாறினாலும் சரி?"

"நாறினா நாறுதுன்னே சொல்றேன்."

கடைசிக் காட்சி வந்தது. அரங்கம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டை இன்றும் முன் வரிசையில்தான். இரண்டாம் முறை அழ வந்திருக்கிறாள். டார்ச்காரர் என் காதருகே குனிந்தார்.

"கட்டை அவிழ்க்கறாங்க... அவிழ்க்கறாங்க... இன்னும் அவிழ்க்கறாங்க. இந்தத் துணியில நாலு தலையணை உறை தைக்கலாம், மேடம். ம், முடிஞ்சுது. கண்ணைத் தொறக்கறார். தெரியுது. திருடன் எதிர்லதான் நிக்கறான், அழறான். அவனைத் தாண்டிப் போறார். கண்ணாடி முன்னாடி நிக்கறார்." சற்று நிறுத்தினார். "தலை சீவிக்கறார்."

நான் சிரித்துவிட்டேன்.

என் சிரிப்பு சின்னச் சிரிப்பு இல்லை. மருத்துவமனையில் இரண்டு மாடிக்குக் கேட்கும் என்பார்கள். இசைகூட இல்லாத அந்த அமைதியில், அத்தனை பேர் அழுதுகொண்டிருந்த நேரத்தில், அது போய் விழுந்தது. அடக்கப் பார்த்தேன். கையால் வாயைப் பொத்தினேன். மூக்கு வழியாக வந்தது. பின்னால் நின்ற டார்ச்காரரும் குலுங்குவது இருக்கை வழியாகத் தெரிந்தது.

"சிரிக்கிற இடமா இது? மனுஷிதானா நீங்க?" என்று கைக்குட்டை எழுந்து நின்று கத்தினாள். யாரோ விளக்கைப் போடச் சொன்னார்கள். மேனேஜர் ஓடி வந்தார்.

"ஊரே அழுத படம். அந்த இடத்துல சிரிக்கிறீங்க. அதுவும் நீங்களே!"

"நானே சிரிக்கலேன்னா வேற யாரு சிரிக்கறது?" என்றேன்.

பிறகு மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "பேச்சை நிறுத்தச் சொல்லி உன்னை நிறுத்தி வெச்சிருக்கேன். நீயே பேசறியா? டார்ச்சைக் கொடு." உலோகம் கைமாறும் சத்தம் கேட்டது. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

மார்ச் 24, திங்கள்

மத்தியானம் ஓர் அழைப்பு. "வணக்கம், எந்தப் பிரிவு வேணும்?"

"எந்தப் பிரிவும் வேணாம், மேடம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுதான் வேணும்."

டார்ச்காரர்தான். அவரை வண்டி நிறுத்தும் இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். வெயிலில் நின்று வண்டிகளை வரிசையில் விட வேண்டும். மேனேஜரின் மச்சினன் கையில் இப்போது டார்ச். "கையில டார்ச் இல்லாம கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல" என்றார். 

என்னால்தான்.

மார்ச் 26, புதன்

மேனேஜருக்கு நானே அழைத்தேன். சரியான ஆசாமி. குரலில் சர்க்கரையைக் கொட்டுகிறார். "உங்க மேல எங்களுக்குக் கோபமே இல்லம்மா. வர்ற சனிக்கிழமை இடைவேளையில வந்து, சிரிச்சதுக்கு வருத்தப்படறேன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. படம் உங்க மனசைத் தொட்டுதுன்னும் சேத்துச் சொன்னா நல்லா இருக்கும். அவருக்கு டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

இரவு சாப்பாட்டில் தம்பி சொன்னான்: "ஒரு வார்த்தைதானேக்கா? உன்னால ஒரு மனுஷன் வெயில்ல நிக்கறாரு."

தம்பி சொல்வது சரிதான். ஒரு வார்த்தைதான். அவருக்காகச் சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அந்தப் படம் என் மனசைத் தொட்டது என்று நான் என் வாயால் — தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

வேலை முடிந்து நேரே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். பெட்ரோல் வாடை, அனல். தடியைத் தட்டிக்கொண்டு நான் வருவதைப் பார்த்து, அவரே வந்து வண்டிகளுக்கு நடுவே வழிகாட்டினார். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லாதீங்க."

"உங்க வேலைக்காக..."

"என் வேலையை நான் பாத்துக்கறேன். உள்ளது உள்ளபடி சொல்லச் சொல்லி என்கிட்ட சண்டை போட்டுட்டு, நீங்க போய் மேடையில பொய் சொல்வீங்களா? அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்களுக்கு நான் படம் சொல்றது?"

அந்த முரட்டுக் குரல் என்னை அதட்டுவது இது எத்தனையாவது முறையோ. இந்த முறைதான் சந்தோஷமாக இருந்தது.

"என் மூஞ்சி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். சும்மா கேட்டேன்.

"கோவமா இருக்கு. நீங்க சிரிக்கும்போதும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

மேனேஜர் தலைகீழாக நின்றாலும் இனி மன்னிப்பு கிடையாது.

மார்ச் 29, சனி

போனேன். இடைவேளையில் மேனேஜர் ஆவலாக வந்தார். "என்னம்மா, சொல்றீங்களா?" "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. டிக்கெட் வாங்கியிருக்கேன், படம் பாக்கறேன்" என்றேன். சர்க்கரை தீர்ந்துவிட்டது. "பேச்சுச் சத்தம் கேட்டா வெளிய அனுப்பிடுவேன்" என்றார்.

சொல்ல ஆளில்லை. புதுப் படம், நிறைய ஓட்டம், நிறைய மௌனம். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

படம் தொடங்கி விளக்கு அணைந்ததும் பக்கத்து இருக்கையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த ஆளுக்கு உட்காரத் தெரியவில்லை. முன்னால் நகர்ந்தார், பின்னால் சாய்ந்தார், இருக்கை கிறீச்சிட்டது.

"இந்த சீட்டு இவ்ளோ மெத்துன்னு இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றது முரட்டுக் குரல்.

அரை நாள் விடுப்பு எடுத்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு, ரசிகராக வந்திருக்கிறார்! இந்த அரங்கத்தில் அவர் உட்காருவது இதுதான் முதல் தடவை.

சொல்ல ஆரம்பித்தார். முழுப் படத்தையும் ஒருசேரத் திரையில் பார்ப்பதால், சொல்வதை மறந்து சில இடங்களில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். இடித்து இடித்து எழுப்ப வேண்டியிருந்தது. திடீரென்று நிறுத்தினார்.

"என்ன?"

"மச்சினன் டார்ச் அடிக்கிறான்."

"எங்க?"

"என் மூஞ்சில."

"எப்படி இருக்கு?"

"கண்ணு கூசுது. இத்தனை வருஷமா இதையா நான் எல்லாருக்கும் பண்ணிக்கிட்டிருந்தேன்?"

மேனேஜர் வந்தார். இரண்டு பேரும் வெளியே வரவேண்டும் என்றார். நான் தடியை மடக்கிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, இருக்கையின் கைப்பிடிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உரக்கவே சொன்னேன்: "கண் தெரியாத பொம்பள நான். இருட்டுல எனக்கு நடக்க வராது. தூக்கிட்டுப் போங்க."

அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்திருக்கும். யாரும் தூக்க வரவில்லை. மேனேஜர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். கண் தெரியாததை வைத்து நான் ஒருவரை மிரட்டியது இதுவே முதல் தடவை. துளிக்கூட வெட்கமில்லை.

டார்ச்காரர் மெல்லக் கேட்டார்: "இருட்டுல நடக்க வராதா உங்களுக்கு?"

"படத்தைச் சொல்லுங்க" என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தம்பி: "ஊர் பேசுதுக்கா. ஒரு வயசுக்கு மேல இதெல்லாம் தேவையா?"

"பேசட்டும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரை ஊர் பேசறதைக் கேக்கறதுதானே என் தொழில்? இணைப்புக் கொடு, நானே பேசிக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனான். அவருக்கும் எனக்கும் என்ன உறவு என்று கேட்கிறவர்களிடம் என்ன சொல்ல? கல்யாணமா, காதலா என்று இரண்டே பெட்டி வைத்திருக்கிறார்கள். அவர் எனக்கு நண்பர். அவருக்குப் பேரக்குழந்தை இருக்கிறது. எனக்கு அவரைப் பார்த்தால் பேசத் தோன்றுகிறது. இதை மறைக்கிறதுக்கு நான் என்ன திருட்டா பண்றேன்?

ஏப்ரல் 12, சனி

கைக்குட்டை திரும்பி, "உங்களால எனக்கு அந்தப் படமே பாழாப் போச்சு. இப்ப யோசிச்சா எனக்கும் அவர் தலை சீவறதுதான் ஞாபகம் வருது" என்றாள்.

நான் மன்னிப்பு கேட்கவில்லை. சந்தோஷத்தை அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 19, சனி

இந்த வாரமும் அரை நாள் விடுப்பில் வந்த டார்ச்காரர் சொன்னார், இன்று பாதி அரங்கம் காலியாம். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனாலும் கைக்குட்டை எங்களுக்கு நேர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். புகார் சொல்லத் தோதாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

ஏப்ரல் 30, புதன்

இரவு டிவியில் படம். சத்தத்தைக் கேட்டு, "என்னடா?" என்றேன்.

"சண்டைக்கா" என்றான் தம்பி. கொஞ்சம் பொறுத்து, "நம்ம ஆளு கீழ விழுந்துட்டான். செருப்பு ஒண்ணு கழண்டு போச்சு. ஒத்தைச் செருப்போட ஓடறான்" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவான்.

மே 10, சனி

மச்சினன் இருட்டில் நின்றபடியே தூங்கிவிடுகிறானாம். போன வாரம் கையிலிருந்த டார்ச் நழுவி ஒருவர் காலில் விழுந்து, பெரிய ரகளை. மேனேஜர் வண்டி நிறுத்துமிடத்துக்கே வந்து டார்ச்சை நீட்டினாராம். பழையதை யாரும் பேச வேண்டாமாம்.

"வாங்கினீங்களா?"

"வாங்கினேன். பிடிச்சதும்தான் கைக்கு உயிர் வந்த மாதிரி இருந்துது. ஆனா சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு மட்டும் எனக்கு வேலை கிடையாதுன்னுட்டேன். அன்னிக்கு நான் டிக்கெட் வாங்கிட்டு வர்ற ஆளு. கடைசி வரிசையில பேசுவோம், யாரும் கேக்கக்கூடாதுன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"மூஞ்சி சுருங்கிடுச்சு. சரின்னுட்டார்."

மே 17, சனி

இன்றைக்கும் ஒரு நட்புப் படம்தான். சிறையில் இருப்பவனும், அவனைக் காவல் காத்தவனும். முடியப்போகிற நேரம், சிறைக்கதவு திறக்கும் சத்தம், அப்புறம் நிசப்தம். டார்ச்காரர் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் முன் இருக்கை கிறீச்சிட்டது. கைக்குட்டை திரும்பினாள்.

"என்னாச்சு? நான் கண்ணைத் தொடச்சிக்கிட்டிருந்தேன், பாக்காம விட்டுட்டேன். வெளிய வந்துட்டானா?"

"படம் ஓடும்போது பேசக்கூடாது. முன்னால திரும்பி உக்காருங்க" என்று அதட்டினார் டார்ச்காரர். பழக்கம்.

 கைக்குட்டையின் மூச்சு எனக்கு நேர் எதிரே கேட்டது. அவள் திரும்பவில்லை. நான் முழங்கையால் அவரை ஓர் இடி இடித்தேன்.

"சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து."

செருமிக்கொண்டார். "வெளிய வந்துட்டான். காவல்காரன் வரல. யாருமே வரல. தனியா நிக்கறான்."

"ஐயோ" என்றாள் கைக்குட்டை. 

"பெஞ்சு ஏதாவது இருக்கா பாருங்க" என்றேன்.

அவர் திரையைத் தேடிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"இல்ல, மேடம்" என்றார்.